பிரம்பு நாற்காலி யாருக்கு

ஜனவரி 11

அன்புள்ள சித்திக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். பெயிண்ட் வாசனையில் அம்மாவுக்கு மட்டும் ஓயாத தும்மல். நீங்களும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு வந்த பிறகும் சித்தப்பா சட்டைப் பையில் டார்ச் லைட்டோடுதான் சாப்பிட உட்காருகிறாரா? உங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அது எட்டிப் பார்க்கிறது என்று நேற்றும் சொல்லிச் சிரித்தோம்.

நீங்கள் கேட்டபடி கடிதமாகவே எழுதுகிறேன். அச்சகத்தில் நாள் முழுக்கப் புரூஃப் பார்த்துவிட்டு வந்தாலும் உங்களுக்குக் கை ஊறும் என்று தெரியும். அதனால் பிழை ஒன்றிரண்டை விட்டுவைத்திருக்கிறேன்.

செய்தி என்னவென்றால், நாங்கள் தொடங்கிவிட்டோம். "நாங்க இல்ல, நான்" என்று அம்மா திருத்துவார். ஆனால் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்தது நான். மருத்துவமனை வேலையை அம்மா டிசம்பரோடு விட்டுவிட்டார். தெருவைப் பார்த்த நம் முன்னறைதான் இனி ஆலோசனை அறை. வாசலில் போர்டும் மாட்டியாயிற்று: "தம்பதியர், குடும்ப ஆலோசனை". எழுதியவர் "ஆலோசணை" என்று மூன்று சுழி போட்டுவிட்டார். நான்தான் கண்டுபிடித்தேன். ஒரு சுழியை எடுக்கச் சொன்னதற்கு, "பாப்பா, சண்டை போட்டுட்டு வர்றவங்க சுழியையா எண்ணப் போறாங்க" என்று முனகிக்கொண்டே எடுத்தார்.

அறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கடிகாரம், வருகிறவர்களின் முதுகுப்பக்கச் சுவரில் இருக்கிறது. அம்மா கையைத் திருப்பி நேரம் பார்த்தால் "எப்போ கிளம்புவீங்க" என்று கேட்பது போலாகிவிடுமாம். கதவுக்கு வெளியே பழைய மேசை விசிறி ஒன்று ஓடுகிறது. காற்றுக்காக அல்ல, சத்தத்துக்காக. உள்ளே பேசுவது வெளியே கேட்காது. வருவதற்குத் தெருக்கதவு, போவதற்குப் பக்கவாட்டுக் கதவு. ஒரு சண்டை இன்னொரு சண்டையை வழியில் சந்தித்துவிடக் கூடாது அல்லவா? நாற்காலிகள் நான்கு. அம்மாவுக்கு ஒன்று, வருகிறவர்களுக்கு எதிரெதிராக இரண்டு, ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி.

ஒரு ஜோடி போய் அடுத்த ஜோடி வருவதற்குள் நாற்காலிகளைப் பழைய இடத்தில் வைத்துத் தண்ணீர் மாற்றுவது என் பொறுப்பு. எனக்கு விதிகளும் உண்டு. ஆள் இருக்கும்போது அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. பிறகு எதையும் கேட்கக் கூடாது. தெருவில் அவர்களைப் பார்த்தால், அவர்கள் வணக்கம் சொன்னால்தான் நாமும் சொல்ல வேண்டும். தெரியாததுபோல் போனால் நமக்கும் தெரியாது.

இதுவரை வந்தவர் ஒருவர்தான். பல் டாக்டர் வீடு இதுவா என்று கேட்டார்.

குளிரில் வெந்நீர் குடியுங்கள். சித்தப்பாவையும் குடிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வைத்த பெயரையே கையெழுத்தாகப் போடும்,
கமா


ஜனவரி 24

அன்புள்ள கமாவுக்கு,

உன் கடிதம் நலமாக வந்து சேர்ந்தது. உடம்பில் ஆங்காங்கே சிவப்பு மையோடு இப்போது என் மேசையில் படுத்திருக்கிறது. நீ விட்டுவைத்ததாகச் சொன்ன பிழைகள் இரண்டு. விடாமலே வந்தவை ஏழு. கமாக்களை எண்ணவில்லை, எனக்கும் ஆயுள் ஒன்றுதான்.

நான் சுகம். சித்தப்பாவும் இருக்கிறார்.

அக்கா ஒருவழியாகத் துணிந்துவிட்டாள் என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று அவளிடம் சொல்லாதே, தலைகால் புரியாமல் போய்விடும். பல் டாக்டரைத் தேடி வந்தவரையும் உட்கார வைத்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறவராக இருந்திருப்பார்.

போனில் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன், சொந்தக்காரர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று. "சொந்தக்காரங்களை நான் பாக்கவே மாட்டேன்" என்று வெட்டிவிட்டாள். அது என்ன விதி? உனக்குத் தெரிந்தால் எழுது. சும்மா ஆர்வம்தான்.

அங்கே எல்லோருக்கும் என் அன்பு. தும்மலுக்கு ஜன்னலைத் திற.

சித்தி


பிப்ரவரி 8

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவின் தும்மல் நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் "சித்தப்பாவும் இருக்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். நலமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தி, ஆட்கள் வருகிறார்கள். உண்மையிலேயே வருகிறார்கள். முதல் ஜோடி தெருவோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. நான் மாடி ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இறங்கியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. யார், எப்படி இருந்தார்கள் என்பதையெல்லாம் எழுத மாட்டேன், அது விதி. நாற்காலிகளைப் பற்றி எழுதலாம். நாற்காலிகள் என்னிடம் ரகசியம் காக்கும்படி கேட்கவில்லை.

நான் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன். இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிராக வைத்துவிட்டு வருகிறேன் அல்லவா? அவர்கள் போனபின் உள்ளே போனால், ஒவ்வொரு தடவையும் அவை அருகருகே திரும்பியிருக்கின்றன. இரண்டும் பார்ப்பது பிரம்பு நாற்காலியை. அதில் யாரும் உட்காருவதில்லை. வருகிறவர்கள் இரண்டே பேர். அப்படியானால் அது யாருக்கு? பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் யோசித்தேன். விடை கிடைத்தது. அது சண்டைக்கு.

சண்டையை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே பக்கம், சண்டை எதிர்ப்பக்கம். இனி ஒருவரை ஒருவர் முறைக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதை முறைக்கலாம். எவ்வளவு எளிது பார்த்தீர்களா? அம்மா இவ்வளவு புத்திசாலி என்று எனக்கு இதுவரை தெரியாது.

நீங்கள் கேட்ட விதியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "நான் யார் பக்கமும் சாயாம இருக்கணும். என் தங்கச்சின்னா நான் ஏற்கெனவே சாஞ்சாச்சு" என்றார். சொல்லிவிட்டு, "ஏன், அவ எதாவது சொன்னாளா?" என்று கேட்டார். சும்மா ஆர்வமாம் என்றேன்.

உங்கள் இருவர் நலனையும் கேட்டு எழுதும்,
கமா


பிப்ரவரி 12

அன்புள்ள கமாவுக்கு,

இங்கே சுகம். உடனே எழுதுகிறேன், தபால் எடுப்பவர் வருவதற்குள் பெட்டியில் சேர்க்க வேண்டும். உன் பிழைகளை இந்த முறை மன்னித்தேன்.

அச்சகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி இருக்கிறாள். தோழி என்று வைத்துக்கொள். வெகுதொலைவில் ஒரு துறைமுக ஊருக்கு மாற்றலாகிப் போக முடியுமா என்று அவள் கணவரை வேலையிடத்தில் கேட்டிருந்தார்கள். அவர் அங்கேயே "சரி" என்று சொல்லிவிட்டு வந்துதான் இவளிடம் சொன்னார். இவளுக்கு வேலை இங்கே. வீடு இங்கே. கோபத்தில், "நீங்க மட்டும் போங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் மே மாதக் கடைசியில் தனியாகப் போவதாக இருக்கிறார். நடுவில் இரண்டு பேரும் பேசுவது உப்பு, சாவி, கதவு, அவ்வளவுதான். அவர் போய்விட்டால் இந்தப் பேச்சும் இருக்காது, பிறகு ஒட்டாது என்று அவள் பயப்படுகிறாள்.

அந்த நாற்காலி முறையை அவளிடம் சொன்னேன். செய்து பார்க்கலாமா என்று கேட்கிறாள். நாற்காலி பிரம்பில்தான் இருக்க வேண்டுமா? எவ்வளவு தூரத்தில் வைப்பது? முதலில் யார் பேசுவது?

அக்காவைத் தொந்தரவு செய்யாதே. உனக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்.

அன்புடன்,
சித்தி


பிப்ரவரி 16

அன்புள்ள சித்திக்கு,

நலம், நலம், நலம். எனக்கு ஒரு நோயாளி கிடைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது கால் தரையில் நிற்கவில்லை. நோயாளி என்று சொல்லக் கூடாதாம், "வருகிறவர்" என்றுதான் சொல்ல வேண்டும். உங்கள் தோழி வராமலே வருகிறவர்.

பிரம்பு அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் வீட்டில் யாரும் வழக்கமாக உட்காராத நாற்காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அது அந்த ஆளாகத் தெரியும், சண்டையாகத் தெரியாது. அவர்கள் இருவரும் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் வையுங்கள். அப்போதுதான் அடிக்கத் தோன்றாது. யார் முதலில் பேசுவது என்பதைத் தண்ணீர் டம்ளர்களை வைத்து ஆராய்ந்தேன். ஒரு டம்ளர் காலியாக இருக்கும், மற்றது தொட்டிருக்காது. நிறையப் பேசுகிறவருக்குத்தானே தொண்டை வறளும்? எனவே நிறையப் பேசாதவர் முதலில் தொடங்கட்டும். இது என் ஊகம்தான், சித்தி. ஆனால் ஆராய்ச்சி செய்த ஊகம்.

உங்கள் தோழிக்காக எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் நல்லவரா? அதை மட்டும் எழுதுங்கள். சித்தப்பாவுக்கு என் அன்பு.

கமா


மார்ச் 9

அன்புள்ள கமாவுக்கு,

நான் நலம். அங்கே தேர்வு நெருங்குகிறது, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பதில் தாமதமானதற்குக் காரணம், என் தோழிக்கு நாற்காலியை எடுத்துப் போடவே இத்தனை நாள் தைரியம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டாள். அவர் வேலையிலிருந்து வந்து பார்த்தார். "யார் வர்றாங்க?" என்றார். யாரும் இல்லை, இது நம் சண்டைக்கு என்று அவள் சொன்னாள். "டீ குடிக்குமா?" என்று அவர் கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு, உப்பும் சாவியும் கதவும் இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு அது.

பிறகு அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீ சொன்னபடி அதிகம் பேசாதவர் தொடங்க வேண்டும். அவர் எங்கே தொடங்குவது? பையிலிருந்து டார்ச் லைட்டை எடுத்து அந்தக் காலி நாற்காலிமேல் அடித்துப் பார்த்தார், லிஃப்ட் பள்ளத்தில் எது சிக்கியிருக்கிறது என்று பார்ப்பவரைப் போல. "எதுவும் தெரியலையே. ஊரு தானே அங்க உக்காந்திருக்கு?" என்றார்.

அவள் சொன்னாள்: "ஊரு இல்ல. 'சரின்னு சொல்லிட்டேன்'னு வந்து நின்னீங்களே, அதுதான் உக்காந்திருக்கு."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

எனக்கு என் தொழில்படிதான் யோசிக்க வருகிறது, கமா. கேள்விக்குறி போட வேண்டிய இடத்தில் அவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் மாறிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: நல்லவர்தான். அதனால்தான் கஷ்டம். அவருடைய பயணப் பை கட்டி முடிந்து கட்டிலுக்கடியில் இருக்கிறது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. அக்காவுக்கும் உன் அப்பாவுக்கும் என் அன்பு.

சித்தி


மார்ச் 15

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுகிறேன். நான் மட்டும் அவ்வளவு நலமில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாண்டினேன். "டீ குடிக்குமா" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். டார்ச் லைட் வந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் தோழியின் கணவரும் டார்ச் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. லிஃப்ட் பள்ளமும் அவருக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. இருக்கலாம். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவர்கள் வணக்கம் சொன்னால்தான் நானும் சொல்வேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை எல்லாத் தெருவிலும் காப்பாற்றுகிறேன். எனவே அவரை நான் உங்கள் தோழியின் கணவர் என்றே எழுதுவேன்.

"அடுத்து என்ன" என்று நீங்கள் கேட்டதால், ஊகத்தில் பதில் எழுத இம்முறை பயமாக இருந்தது. இது விளையாட்டில்லை என்று புரிந்தது. நேராக அம்மாவிடம் போய், சண்டையை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினார். "எந்தச் சண்டை? எந்த நாற்காலி?" என்றார்.

சித்தி, அந்த நாற்காலி பைக்கு.

வருகிறவர்கள் கைப்பை, ஹெல்மெட், குடை எல்லாம் வைப்பதற்காக அதைப் போட்டிருக்கிறார். போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவதால் நான் பார்ப்பதெல்லாம் காலி நாற்காலி. மற்ற இரண்டும் திரும்பியிருப்பது ஏன் என்றால், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக ஒருவர் கண்ணில் அடிக்கிறது. அதனால் நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள். வெயில், சித்தி. வெறும் வெயில்.

சொல்லிவிட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை யாருக்குச் சொன்ன?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா மறுபடி கேட்கவில்லை.

உங்கள் தோழியிடம் உடனே சொல்லிவிடுங்கள். நான் கொடுத்தது தப்பான வைத்தியம். அவர்களுக்கு ஏதாவது கெடுதல் ஆகியிருந்தால் என்னால் தாங்க முடியாது. தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

கமா


ஏப்ரல் 14

அன்புள்ள சித்திக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பள்ளிவிட்டு வந்ததும் தபால் பெட்டியைத் திறக்கிறேன். மின் கட்டண அறிவிப்பு வந்தது, பல் டாக்டருக்கு ஒரு கடிதம் தவறி வந்தது. போன் செய்தால் உங்கள் வீட்டில் எடுப்பதில்லை. அம்மாவுக்கு மட்டும் "நலம், பிறகு பேசுகிறேன்" என்று ஒரு வரிச் செய்தி அனுப்பினீர்களாமே. அதை அம்மா என்னிடம் காட்டினார். காட்டிவிட்டு என் தலையைத் தடவினார். எனக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது, அதைச் சொல்லக்கூட மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அறையைச் சுத்தம் செய்யப் போனேன். சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்திருந்தன. அம்மா அப்பாவிடம் சொல்லி அடிக்க வைத்திருக்கிறார். பை, குடை, ஹெல்மெட் எல்லாம் இனி அங்கே. பிரம்பு நாற்காலி வெயில் படாத மூலைக்கு நகர்ந்திருந்தது. மற்ற இரண்டும் அருகருகே, அதைப் பார்த்தபடி. நான் வைக்கவில்லை. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "சும்மா, போட்டுப் பாக்கலாம்னு" என்றார். வேலை விஷயத்தில் அம்மா சும்மா எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

உங்கள் தோழிக்கு இதையும் சொல்லுங்கள். ஒருவேளை அவ்வளவு தப்பான வைத்தியமாக இல்லாமலும் இருக்கலாம்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்,
கமா


மே 5

வணக்கம், கமா.

முதலில் நானே சொல்லிவிட்டேன். இனி நீயும் சொல்லலாம்.

நான் சுகம். உன் சித்தப்பா சுகம். அவர் டார்ச் லைட்டும் சுகம், புது பேட்டரி போட்டிருக்கிறது.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று, அந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த நாற்காலி பைக்கு" என்ற இடம் வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பைக்கா?" என்றார். "பைக்குத்தான்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் வைத்தார். "அப்போ சரியாத்தான் செய்வோமே" என்றார்.

கமா, அதுவரை காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் சண்டை நிஜமாகவே வந்து உட்கார்ந்தது. மாதக்கணக்காக நான் துடைப்பத்தால் சுற்றிப் போன பை அது. அருகில் போய்ப் பார்த்தால், பாதிதான் நிரம்பியிருந்தது. அவர் சட்டைகளெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கியிருந்தன.

"மீதி இடம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான். எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம வச்சிருந்தேன்."

"இப்போ கேளுங்க."

"வர்றியா?"

எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. கேள்விக்குறிகூட இருந்தது. ஆனால் நான் சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வந்த பிறகு ஒரு கேள்விக்காக நான் காத்திருந்தேன் அல்லவா, கொஞ்சநாள் அவரும் காத்திருக்கட்டும் என்று தோன்றியது. காத்திருந்தார். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றேன், லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். கப்பல் ஆபீசில் அவர் பார்க்கப்போகும் லிஃப்டில் என்னை ஏற்றி மேலே கொண்டுபோய்க் கடலைக் காட்டினார். கீழே வந்ததும் நான் அவரை இழுத்துக்கொண்டு அச்சகம் அச்சகமாக ஏறினேன். ஓரிடத்தில் வாசல் போர்டிலேயே பிழை இருந்தது. உள்ளே போய், "உங்களுக்குப் புரூஃப் பார்க்க ஆள் வேண்டும்" என்றேன். வேண்டுமா என்று கேட்கவில்லை. சில இடங்களில் முற்றுப்புள்ளிதான் சரி.

இதனால்தான் வீட்டில் போன் அடித்தபோது நாங்கள் இல்லை, உன் ஏப்ரல் கடிதமும் பெட்டியிலேயே கிடந்தது. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன், நீ இன்னும் பயந்துகொண்டிருந்ததை இப்போதுதான் வாசித்தேன். அதற்காக என்னை நீ எத்தனை சுழியால் வேண்டுமானாலும் திட்டலாம்.

அக்காவுக்குச் சொல். அவள் விதியை மீறவில்லை, நான்தான் பக்கவாட்டுக் கதவால் நுழைந்துவிட்டேன். கொக்கி அடித்தவரையும் அடிக்கச் சொன்னவளையும் கேட்டதாகச் சொல்.

உன் சித்தப்பா நான்கு வார்த்தை எழுத வேண்டுமாம். பேனாவை வாங்கிக்கொண்டார்:

"கமாவுக்கு, நாற்காலியை முதலில் வண்டியில் ஏற்றிவிட்டேன்."

அவர் எழுதியதில் பிழை இல்லை.

நான் அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இன்னும் எழுதவில்லை என்று நினைப்பாய். நீ எப்போதும் உறையை அவசரமாகக் கிழிப்பவள். கிழித்த துண்டைத் தேடி எடு. பின்பக்கம் அனுப்புநர் முகவரியைப் பார்.

சித்தி


மே 9

வணக்கம், சித்தி. வணக்கம், சித்தப்பா.

உறைத் துண்டைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். துறைமுகச் சாலை என்று இரண்டு பேர் பெயருக்கும் கீழே இருக்கிறது. அதை ஒட்டி, பத்திரமாக வைத்துவிட்டேன். அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், பிறகு ஆலோசனை அறைக்குள் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி வாசித்தார். அதில் ஒரு ஆள் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. "சாயக் கூடாதுன்னு பாத்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் தெருக்கதவு மணி அடித்துவிட்டது. நான் ஓடிப்போய் விசிறியைப் போட்டேன்.

உங்கள் பதிலுக்கு, இந்த முறை பயமில்லாமல், காத்திருக்கும்,

கமா